நைரோபியிலிருந்து லாகோஸுக்கு: 3,830 கிலோமீட்டரும் ஐந்தேகால் மணி நேரமும்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் பணிமாற்றம் பெற்று நைரோபிக்குச் சென்றேன். தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் டீசல் ஜெனரேட்டர்களை நிறுவிப் பராமரிக்கும் வேலை. அலுவலகம் நைரோபியில் இருந்தாலும், மின்தடை அன்றாட நிகழ்வாக இருந்த நைஜீரியாவில்தான் எங்களுக்கு வேலை மிகுதியாக இருந்தது. ஆகவே பணியில் சேர்ந்த மூன்றாவது வாரமே லாகோஸுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 2024 வரை அதே பாதையில் பதினொரு முறை போய்த் திரும்பினேன். அந்தப் பயணங்களில் நான் தவறாகக் கணித்தவற்றையும், பிறகு திருத்திக் கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். வேலையின் பொருட்டு ஆப்பிரிக்க நகரங்களுக்கிடையே பறக்க வேண்டியிருக்கும் நம்மவர்களுக்கு, தூரத்தைக் குறிக்கும் எண்ணைப் பார்த்தவுடன் என்னென்ன கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பல நாட்கள் வீணாகாமல் தப்பும்.

முதல் தவறு கடிகாரத்தில் நேர்ந்தது. எனக்கு வந்த டிக்கெட்டில் புறப்பாடு பிற்பகல் 3.00 என்றும், லாகோஸில் இறங்கும் நேரம் மாலை 6.15 என்றும் இருந்தன. இரண்டையும் கழித்துப் பார்த்து, மூன்றேகால் மணி நேரப் பயணம் என்று மனத்தில் பதித்துக் கொண்டேன். திரும்பும் டிக்கெட் அப்போது எடுக்கப்படவில்லை. லாகோஸில் நண்பகலில் ஏறுவதாக மட்டும் முடிவாகியிருந்தது. அந்த மூன்றேகால் மணியை நம்பி, அன்று மாலை 5 மணிக்கு நைரோபியில் ஒரு மருத்துவமனையின் புதிய ஜெனரேட்டரைச் சோதித்து ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்தேன். ஆனால் லாகோஸில் நண்பகல் 12 மணிக்குக் கிளம்பிய விமானம் நைரோபியில் இறங்கியபோது இரவு 7 மணி. மருத்துவமனையின் பொறியாளர்கள் காத்திருந்து கலைந்து விட்டார்கள். ஒப்படைப்பு நான்கு நாள் தள்ளிப் போயிற்று. அந்த நான்கு நாளும் அவர்கள் பழைய இயந்திரத்தையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நடந்தது எளிய கணக்குத்தான். நைரோபியின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 3 மணி முன்னால் இருக்கிறது. லாகோஸ் 1 மணி மட்டுமே முன்னால். இரண்டுக்கும் இடையே 2 மணி நேர வேறுபாடு. பறக்கும் நேரம் போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய ஐந்து மணிதான். ஆனால் மேற்கே போகும்போது கடிகாரம் இரண்டு மணியைத் திருப்பித் தருகிறது, கிழக்கே வரும்போது அதை எடுத்துக் கொள்கிறது. அதனால் போகும் பயணம் மூன்று மணி போலவும் வரும் பயணம் ஏழு மணி போலவும் தோன்றுகிறது. டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் எப்போதும் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பது எனக்குத் தெரியாததன்று. சென்னையிலிருந்து துபாய்க்கு நான் முன்பே போயிருக்கிறேன். ஆப்பிரிக்கா என்ற ஒரே சொல் என்னை ஏமாற்றியது. ஒரே கண்டத்துக்குள் போகிறோம் என்ற எண்ணமே நேர வேறுபாட்டை மறக்கச் செய்தது. அன்று முதல் குறிப்பேட்டில் எல்லா நேரத்தையும் நைரோபி நேரத்தில் எழுதி, அதன் கீழே லாகோஸ் நேரத்தை வேறு மையில் எழுதும் வழக்கத்தை வைத்துக் கொண்டேன். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியையும் பயணத்தின்போது அணைத்து விடுவேன். மாத்திரை சாப்பிடும் நேரம், வீட்டுக்குப் பேசும் நேரம் இரண்டும் குழம்பாமல் இருக்க அது உதவியது.

இதில் ஓர் அழகும் உண்டு. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது; விமானம் அதில் பாதி வேகத்தில் மேற்கே பறக்கிறது. எனவே சூரியன் வானத்தில் இறங்கும் வேகம் பாதியாகக் குறைந்து விடுகிறது. நைரோபியில் பிற்பகல் 3 மணிக்கு ஏறினால், ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்த பிறகும் லாகோஸில் வெயில் தாழ்ந்திருக்குமே தவிர மறைந்திருக்காது. ஒரே பிற்பகல் அவ்வளவு நீளம் இழுபட்டுக் கிடப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. மதிய உணவுத் தட்டை எடுத்துச் சென்ற சிறிது நேரத்தில் சன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கி விடும்.

இனி தூரத்துக்கு வருகிறேன். நைரோபி விமான நிலையத்துக்கும் லாகோஸ் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 3,830 கிலோமீட்டர். இணையத்தில் தேடினால் சில பத்துக் கிலோமீட்டர் கூடவோ குறையவோ காட்டும். சிலர் ஊரின் நடுப்பகுதியிலிருந்து அளக்கிறார்கள், சிலர் ஓடுபாதையிலிருந்து அளக்கிறார்கள், அவ்வளவே. எதுவாயினும் அது பூமியின் வளைந்த பரப்பின் மீது இழுத்துக் கட்டிய கயிறு போன்ற மிகக் குறுகிய தூரம். விமானம் உண்மையில் பறக்கும் பாதை அதைவிடச் சற்று நீளமாகவே இருக்கும். சென்னையிலிருந்து டில்லிக்குப் போய், மறுபடி சென்னைக்கே திரும்பி வந்தாலும் இந்தத் தூரம் நிரம்பாது. ஆனால் பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் இவ்விரு ஊர்களும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். வடக்கே உள்ள நாடுகளைப் பெரிதாகவும் நிலநடுக்கோட்டுப் பகுதியைச் சிறிதாகவும் காட்டுவது அந்த வகைப் படத்தின் இயல்பு. உண்மையில் ஆப்பிரிக்காவின் பரப்பு 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு. லாகோஸை அடைந்து விட்டால் கண்டத்தின் மேற்குக் கரைக்கே வந்து விட்டோம் என்று தோன்றும்; ஆனால் நைரோபியிலிருந்து அளந்தால் செனகலின் தக்கார் 6,200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

தூரத்திலிருந்து நேரத்தைக் கணிக்க எனக்கு ஒரு வாய்ப்பாடு கிடைத்தது. லாகோஸில் எங்கள் வேலைகளை மேற்பார்வை பார்த்து வந்த, மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த மூத்த பொறியாளர் ஒருவர் சொல்லித் தந்தது அது. "தம்பி, கிலோமீட்டரை எண்ணூறால வகுத்துக்கங்க. வர்ற மணிக்கணக்கோட அரை மணி சேருங்க. அதுக்கு மேல ஏறாது, கீழயும் பெருசா இறங்காது" என்றார். 3,830ஐ 800ஆல் வகுத்தால் 4 மணி 47 நிமிடம். அரை மணி சேர்த்தால் 5 மணி 17 நிமிடம். கால அட்டவணையும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. பிறகு நான் போன மற்ற ஊர்களுக்கும் இதைப் பொருத்திப் பார்த்தேன். நைரோபி–அடிஸ் அபாபா சுமார் 1,160 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நைரோபி–ஜோகன்னஸ்பர்க் சுமார் 2,910 கிலோமீட்டர், நான்கு மணி எட்டு நிமிடம். லாகோஸ்–அக்ரா 400 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எல்லாமே அட்டவணையோடு பத்து நிமிட வேறுபாட்டுக்குள் ஒத்துப் போயின.

ஏன் 800 என்று கேட்கலாம். போயிங் 737 போன்ற விமானம் உயரத்தில் நிலைகொண்ட பிறகு மணிக்கு 830 முதல் 850 கிலோமீட்டர் வரை பறக்கிறது. 787 போன்ற பெரிய விமானம் 900ஐத் தொடும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, பாதையும் நேர்கோடு இல்லை. 800 என்ற எண் இந்த இழப்பைத் தனக்குள் அடக்கிக் கொள்கிறது. கூடுதலாகச் சேர்க்கும் அரை மணி, விமானம் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், இறங்கிய பின் வாயிலுக்கு வந்து சேர்வதற்கும் உரியது. டிக்கெட்டில் காணும் நேரம் சக்கரத் தடைக்கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரையிலானது. காற்றில் இருக்கும் நேரம் மட்டுமன்று. ஆகவே "விமானி நான்கு மணி நாற்பது நிமிடம் என்று அறிவித்தாரே, டிக்கெட்டில் ஐந்தேகால் இருக்கிறதே" என்று குழம்பத் தேவையில்லை. இரண்டும் சரிதான்.

வாய்ப்பாடு பொய்த்துப் போகும் இடங்களும் உண்டு. 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் போர் மூண்டதும் அந்நாட்டின் வான்வெளி மூடப்பட்டது. எங்கள் அலுவலகத்திலிருந்து கெய்ரோவுக்குப் போய்வரும் நண்பருக்கு, தெற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய நேர்கோடாக இருந்த 3,500 கிலோமீட்டர்ப் பாதை சூடானைச் சுற்றிக் கொண்டு போகும் பாதையாக மாறியது. இரு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் மாறவில்லை. பயணத் தூரம் மாறியது. நேர்தூரம் காட்டும் எந்தத் தளமும் இதைக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே பழைய கட்டுரை ஒன்றில் படித்த பயண நேரத்தை நம்பித் திட்டமிடாமல், அந்த வாரத்து அட்டவணையையே பார்க்க வேண்டும்.

நைரோபியிலிருந்து மேற்கே கிளம்பும் பாதை விக்டோரியா ஏரியின் மீது போகிறது. பிறகு காங்கோ சனநாயகக் குடியரசின் வடபகுதி. கிசங்கானி நகரம் தெற்கே எங்கோ இருக்கும். அதன் பின்னர் உபாங்கி ஆற்றுப் பகுதி, கேமரூன், இறுதியாக நைஜீரியா. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கீழே காடு தவிர வேறொன்றும் தெரியாது. ஊரோ சாலையோ கண்ணில் படாமல், பச்சைப் பரப்பின் நடுவே பழுப்பு நிறத்தில் ஆறு ஒன்று மட்டும் வளைந்து வளைந்து போகும். இந்தப் பாதையைத் தரைவழியில் கடக்க லாகோஸைக் கென்யத் துறைமுகமான மொம்பாசாவோடு இணைக்கும் லாகோஸ்–மொம்பாசா நெடுஞ்சாலை என்ற திட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. காகிதத்தில் அதன் நீளம் 6,200 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் உள்ள நீண்ட பகுதிகள் இன்னும் சரியான சாலையாகவில்லை. கண்டத்தின் இரு பெரும் வணிக நகரங்களுக்கு இடையே ஒரு லாரி நிம்மதியாகப் போய்வர முடியாது என்பதை அந்தக் காட்டின் மீது பறக்கும்போதுதான் மனம் ஒப்புக் கொண்டது. நூறு கிலோ எடையுள்ள உதிரிப் பொருளுக்குக்கூட நாங்கள் ஏன் விமானக் கட்டணம் கொடுக்கிறோம் என்பதற்கும் அங்கேதான் விடை கிடைத்தது.

காங்கோப் படுகை உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. காலை வெயிலில் காட்டிலிருந்து எழும் ஈரக் காற்று பிற்பகலில் கோபுரம் கோபுரமாக மேகமாகி, விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி நிற்கும். விமானி அவற்றின் மீதேறிப் போவதில்லை. ஒதுங்கி, வளைந்து போகிறார். என் பிற்பகல் பயணங்களில் குலுக்கல் இல்லாதது ஒன்றோ இரண்டோதான். அச்சப்பட வேண்டியதில்லை, ஆனால் கழிவறைக்குப் போவதாக இருந்தால், புறப்பட்ட முதல் ஒன்றரை மணிக்குள், ஏரியைத் தாண்டிய சிறிது நேரத்தில் போய் வந்துவிடுவது நல்லது. வயதானவர்களோடு பயணம் செய்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். காலை விமானம் கிடைத்தால் அதையே எடுக்கலாம்.

எனக்கு வேண்டிய நாளில் நேரடி விமானம் கிடைக்காத வேளைகளில்தான் தூரம் என்பது வேறு பொருள் கொண்டது. அடிஸ் அபாபா வழியாகப் போனால் வடக்கே 1,160 கிலோமீட்டர், அங்கிருந்து மேற்கே 3,900 கிலோமீட்டருக்கு மேல். மொத்தம் 5,000ஐத் தாண்டும். பறக்கும் நேரம் ஏழு மணியைத் தாண்டி விடும். இடைத்தங்கலையும் சேர்த்தால் பத்து, பன்னிரண்டு மணி. எங்கள் இளம் பொறியாளர் ஒருவர், கட்டணம் சற்றுக் குறைவு என்பதற்காகத் துபாய் வழியாக டிக்கெட் எடுத்தார். நைரோபியிலிருந்து துபாய் 3,500 கிலோமீட்டருக்கு மேல், துபாயிலிருந்து லாகோஸ் ஏறக்குறைய 5,900. கண்டத்தை விட்டு வெளியேறி, மறுபடி அதே கண்டத்துக்குள் நுழைந்து, 3,830 கிலோமீட்டர்ப் பயணத்தை 9,400 கிலோமீட்டராக்கிக் கொண்டு வந்து சேர்ந்தவர், அடுத்த நாள் முழுதும் வேலை செய்ய முடியாமல் படுத்து விட்டார். மிச்சமான தொகை அவருடைய ஒரு நாள் விடுதிக் கட்டணத்துக்குக்கூட ஈடாகவில்லை.

இந்த நிலைமைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆண்ட நாடுகளின் தலைநகரங்களை நோக்கியே அந்தக் காலத்தில் விமானப் பாதைகள் போடப்பட்டன. அண்டை நாட்டுக்குப் போக லண்டனுக்கோ பாரிசுக்கோ போய் மாறிய பழைய கதைகளை நைரோபியில் பலரும் சொல்வார்கள். விடுதலைக்குப் பிறகும், இரண்டிரண்டு நாடுகளாகப் பேசி, வாரத்துக்கு இத்தனை விமானம் என்று உரிமை கொடுக்கும் முறை நீடித்தது. 1999இல் ஐவரி கோஸ்ட் நாட்டின் யாமுசுக்ரோவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் வானத்தை ஒருவருக்கொருவர் திறந்துவிடத் தீர்மானித்தன. 2018 சனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஒற்றை வான்போக்குவரத்துச் சந்தையைத் தொடங்கியது. கென்யா, நைஜீரியா இரண்டும் அதில் உள்ளன. ஆனாலும் கையெழுத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் குறையவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குச் சினம் வருகிறது. ஐந்து மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணத்துக்காக ஒரு மருத்துவரோ வணிகரோ மாணவரோ ஒரு முழு நாளை இழப்பது, அந்த மக்களிடமிருந்து எடுக்கப்படும் ஒரு வரி போன்றதே.

இணைப்பு விமானத்தில் நான் பட்ட துன்பம் ஒன்று. 2019இல் கட்டணத்தைக் குறைக்க எண்ணி, இடையில் உள்ள ஒரு தலைநகரம் வரை ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து லாகோஸுக்கு வேறு நிறுவனத்தின் டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தேன். நடுவே இரண்டு மணி பத்து நிமிட இடைவெளி. முதல் விமானம் ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதமாயிற்று. இரண்டு டிக்கெட்டும் ஒரே முன்பதிவில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் இடம் கொடுக்கும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனி என்பதால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நான் வராத பயணி. பெட்டியையும் நானே வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். அது என்னிடம் இல்லை. பதினாறு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, புதிதாக ஒரு டிக்கெட் வாங்கிப் போனேன். அதன் பிறகு, இடையில் மாறுவதாக இருந்தால் ஒரே முன்பதிவு எண், பெட்டி கடைசி ஊர் வரை நேரே போவதற்கான ஒட்டுச்சீட்டு, குறைந்தது மூன்று மணி இடைவெளி ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த டிக்கெட்டையும் நான் ஏற்பதில்லை.

விமானத்துக்கு வெளியே செலவாகும் நேரத்தைச் சேர்க்காமல் பயண நேரம் பேசுவதில் பொருளில்லை. நைரோபியில் விமான நிலைய வளாகத்துக்குள் நுழையும் முன்பே வண்டியிலிருந்து இறங்கிச் சோதனைக்கு நடந்து போக வேண்டும். வண்டியைத் தனியே சோதித்து அனுப்புவார்கள். மாலை வேளையில் மொம்பாசா சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். 2022இல் 27 கிலோமீட்டர் நீள உயர்மட்ட விரைவுச்சாலை திறக்கப்பட்ட பிறகு, சுங்கம் கட்டினால் நகரின் வெஸ்ட்லாண்ட்ஸ் பகுதியிலிருந்து அரை மணிக்குள் வந்துவிட முடிகிறது. லாகோஸ் வேறு. விமான நிலையம் இக்கேஜாவில் இருக்கிறது. எங்கள் வேலையும் விடுதியும் விக்டோரியா தீவில். 25 கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். கடற்கழியின் மீது ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் மூன்றாவது பெருநிலப் பாலத்தில் மாலை ஏழு மணிக்கு ஏறினால், முன்னால் சிவப்பு விளக்குகளின் வரிசை முடிவில்லாமல் தெரியும். இரண்டரை மணி நேரம் என்பது அங்கே வழக்கமான கணக்கு. நைரோபியில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து லாகோஸில் விடுதி அறையைத் திறக்கும் வரை என் சராசரி பதினொன்றரை மணி. அதில் பறந்தது ஐந்து மணிதான்.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நைஜீரியாவுக்கு முன்கூட்டியே விசா பெற்றிருக்க வேண்டும். கென்யாவுக்கு ஒரு முறை நுழையும் அனுமதியில் வந்தவர், லாகோஸ் போய்த் திரும்பினால் மறுபடியும் அனுமதி பெற வேண்டியிருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும். நாளைக்குப் பயணம் என்று இன்றைக்குப் போட்டுக் கொள்வதில் பயனில்லை. 2016 சூலையிலிருந்து, முன்பிருந்த பத்தாண்டு வரம்பு நீக்கப்பட்டு, ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுதும் போதும் என்று ஆகியிருக்கிறது. ஊர் திரும்பும்போதும் அந்த அட்டை வேண்டும். இந்நாடுகளிலிருந்து அட்டையில்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. கிண்டியில் ஊசி போட்டபோது அட்டையில் என் பெயரை முதலெழுத்தோடு எழுதினார்கள். கடவுச்சீட்டிலோ அந்த முதலெழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நிற்கிறது. ஒரு விமான நிலையத்தின் நலவாழ்வு மேசையில் இருந்த பெண்மணி இரண்டையும் அருகருகே வைத்து, இது வேறொருவரின் அட்டை என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. முதலெழுத்து என்பது எங்களில் தந்தையின் பெயர் என்று விளக்கி, பிறந்த தேதியையும் கடவுச்சீட்டு எண்ணையும் காட்டி நம்ப வைக்க முக்கால் மணி ஆயிற்று. ஊசி போடும் இடத்திலேயே கடவுச்சீட்டைக் கொடுத்து, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். டிக்கெட்டிலும் அவ்வாறே.

சிறு செய்திகள் சில. நைரோபி உயரமான ஊர் என்பதால் கொசுவைப் பற்றிய கவலை குறைவு. லாகோஸில் ஆண்டு முழுதும் மலேரியா உண்டு, மருத்துவரிடம் கேட்டு முன்னதாகவே மாத்திரை தொடங்க வேண்டும். இரு ஊர்களிலும் மூன்று தட்டைக் கால் கொண்ட பிரிட்டிஷ் வகை மின்செருகிதான். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. லாகோஸில் வாங்கிய பொருளை அப்படிப்பட்ட பையில் போட்டுக் கொண்டு நைரோபியில் இறங்கக் கூடாது. கருவிகளோடு போகும் என் போன்றவர்கள், உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் அதைத் திறந்து எடுத்து விடுவார்கள்.

கடைசியாக, ஹார்மட்டான். திசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வீசும் வறண்ட காற்று, மாவு போன்ற தூசியைக் கொண்டு வந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையை மூடி விடும். 2020 பிப்ரவரியில் அப்படி ஒரு நாளில் எங்கள் விமானம் லாகோஸை நெருங்கியது. சன்னலில் மேகம் இல்லை, மழை இல்லை; பழுப்புப் பால் போல ஒரு மங்கல். அரை மணிக்கு மேல் வட்டமிட்ட பிறகு, ஓடுபாதை தெரியவில்லை, அக்ராவுக்குப் போகிறோம் என்று விமானி அறிவித்தார். பலர் அஞ்சினார்கள்; என் பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி கையைப் பிடித்துக் கொண்டார். எந்த விமானமும் போகும் ஊருக்கு மட்டும் எண்ணெய் நிரப்பிக் கொண்டு கிளம்புவதில்லை, மாற்று ஊருக்குப் போகவும் அதற்கு மேல் அரை மணி நேரம் வானில் நிற்கவும் கையிருப்பு வைத்திருப்பது உலகெங்கும் கட்டாய விதி என்று அவருக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் நெஞ்சு அமைதியடைந்தது.

அக்ராவில் இறங்கியும் வெளியே போக முடியவில்லை. எங்களில் பெரும்பாலோரிடம் கானாவுக்கு விசா இல்லை. அங்கே கடிகாரம் லாகோஸைவிட இன்னொரு மணி நேரம் பின்னால் இருந்தது. ஒரே நாளில் மூன்று நேரங்கள். மூன்றரை மணி நேரம் இருக்கையிலேயே இருந்தோம். குழந்தையோடு வந்த ஒரு தாயிடம் பால் தீர்ந்து விட்டது. விமானப் பணியாளர்கள் வெந்நீரும் பிஸ்கட்டும் தேடிக் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் பயணம் செய்பவர்கள் ஒரு வேளை உணவு, ஒரு நாளுக்கான மருந்து, முழுதும் மின்னேற்றிய கைப்பேசி ஆகியவற்றைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்; முக்கியமான வேலையை இறங்கிய மறுநாளே வைக்காமல் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். அந்த முறை நான் விட்டிருந்தேன், வேலை கெடவில்லை.

தூசி சற்று விலகியதும் மறுபடி கிளம்பி, நள்ளிரவுக்கு அரை மணி முன்பு லாகோஸில் இறங்கினோம். பெட்டி வந்து சேர்ந்து வெளியே வந்தபோது ஒரு மணி. எங்கள் நிறுவனத்து ஓட்டுநர் மாலை ஐந்திலிருந்து அங்கேயே காத்திருந்தார்; அவர் இல்லாமல் அந்நேரத்தில் வண்டி தேடிப் போக நான் துணிந்திருக்க மாட்டேன். பாலத்தில் ஏறினோம். முன்னால் ஒரு விளக்கும் இல்லை. இருபுறமும் கடற்கழி கறுத்துக் கிடந்தது, தூரத்தில் நீர்மேல் குடியிருப்பான மக்கோக்கோவின் மரவீடுகளில் ஒன்றிரண்டு வெளிச்சப் புள்ளிகள். நாற்பது நிமிடத்தில் விடுதி வாசலில் நின்றோம். பதினொரு பயணங்களில், விமான நிலையத்திலிருந்து விக்டோரியா தீவுக்கு ஒரு மணிக்குள் போய்ச் சேர்ந்தது அன்று ஒரு முறைதான்.